மர வீடு கட்டுவோர் முதலில் போடவேண்டிய கணக்கு

உணவு, உடை, உறையுள் என்னும் மூன்றையும் வாழ்க்கையின் அடிப்படைத் தேவைகள் என நம் முன்னோர் வகுத்தனர். இவற்றுள் முதலிரண்டையும் நாம் நாள்தோறும் சிறிது சிறிதாகத் தேடிக்கொள்கிறோம். உறையுளோ அத்தகையதன்று. பெரும்பாலான குடும்பங்களுக்கு அது வாழ்நாளில் ஒரேயொரு முறை கைகூடும் காரியம். ஒரு முறை மட்டுமே செய்யும் காரியத்தில் அனுபவம் வந்து கைகொடுப்பதில்லை. கணக்கு ஒன்றே கைகொடுக்கும். ஆகவே, வீடு கட்டுவதற்குமுன் செய்யவேண்டிய திட்டத்தையும் செலவுக் கணக்கையும் பற்றி, அதிலும் மரத்தால் வீடு கட்ட எண்ணுவோர்க்கென, இன்று சில கருத்துக்களைக் கூற விரும்புகிறேன்.

மாத்தளைக்கு வடக்கே தம்புள்ளை வீதியில் அமைந்துள்ள எங்கள் பலாபத்வலையிலும் அதன் சுற்றுப்புறங்களிலும் மரத்துக்குப் பஞ்சமில்லை. மிளகும் சாதிக்காயும் கொக்கோவும் வளரும் தோட்டங்களின் நடுவே பலாவும் மகோகனியும் தேக்கும் மலைவேம்பும் ஓங்கி நிற்கின்றன. சீமெந்தின் விலையையும் கம்பியின் விலையையும் கேட்டுச் சோர்ந்தவர்கள் இம்மரங்களை அண்ணாந்து பார்த்து, “மரம் நம்முடையது, ஆகையால் மர வீடு மலிவானது” என்று முடிவு செய்துவிடுகிறார்கள். மேனாட்டுப் படங்களிற் காணப்படும் மரக்கட்டை வீடுகளின் அழகும் இவ்வெண்ணத்தை வளர்க்கிறது. இந்த முடிவு சரிதானா என்பதை ஆராய்ந்து பார்ப்போம்.

முழு மரக்கட்டைகளைப் படுக்கை வாட்டில் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, மூலைகளில் வெட்டிப் பொருத்திக் கட்டுவதே அடுக்குமர வீடு. பின்லாந்து, நோர்வே, ருஷ்யா முதலிய வட நாடுகள் இதன் தாயகம். ருஷ்யாவில் ஒனேகா ஏரியிலுள்ள கீழித் தீவில் 1714 ஆம் ஆண்டில் எழுந்த பெரிய மரத் தேவாலயம் இம்முறைக்குப் புகழ்பெற்ற சான்றாகும். அந்நாடுகளில் அம்முறை தோன்றியதற்குத் தக்க காரணங்கள் உண்டு. ஊசியிலை மரங்கள் நெடிதாகவும் நேராகவும் ஒரே பருமனிலும் வளர்கின்றன; பருத்த மரச்சுவர் கடுங்குளிரைத் தடுக்கிறது; கறையானின் தொல்லையும் அங்கு இல்லையென்றே சொல்லலாம். நம் நாட்டிலோ பலா வளைந்தும் கிளைத்தும் வளர்கிறது. தடுக்கவேண்டியது குளிரன்று, மழையும் ஈரமும். கறையானோ எங்கும் உண்டு.

அப்படியாயின் மரத்தால் வீடமைக்கும் மரபு நமக்கு இல்லையா? உண்டு. ஆனால் அது வேறு மரபு. கண்டி இராச்சியத்தில் 1660 முதல் 1679 வரை சிறைப்பட்டிருந்த ரொபேர்ட் நொக்ஸ் என்ற ஆங்கிலேயர் 1681 இல் வெளியிட்ட நூலில் அக்கால மக்களின் வீடுகளை விவரித்துள்ளார். கழிகளை நாட்டிக் களிமண் பூசி வைக்கோலோ ஓலையோ வேய்ந்த தாழ்ந்த குடில்கள் அவை. கண்டி அரண்மனையின் மகுல் மடுவ என்னும் கொலு மண்டபத்தின் வேலை 1783 இல் தொடங்கிற்று. அதிலும், பதினான்காம் நூற்றாண்டின் கம்பளைக் காலத்தைச் சேர்ந்த எம்பெக்கே தேவாலயத்திலும் மரமானது தூணாகவும் உத்தரமாகவும் கைமரமாகவுமே நிற்கிறது. எம்பெக்கேயில் 26 கைமரங்களின் தலைகளை ஒரே மர ஆணியிற் கோத்திருக்கும் திறமையைப் பார்த்து வியவாதார் இல்லை. மரத்தை எலும்பாகவும் மண்ணைத் தசையாகவும் கொள்வதே இம்மண்ணின் முறை. இதனை மரச்சட்ட வீடு என்று அழைப்போம்.

இவ்விரு முறைகளுக்கும் செலவில் எவ்வளவு வேற்றுமை உண்டு? நேயர்கள் தாங்களே போட்டுப் பார்க்கக்கூடிய எளிய கணக்கு ஒன்றைச் சொல்கிறேன். 22 அடி அகலமும் 25 அடி நீளமும் கொண்ட சிறு வீடு ஒன்றை எடுத்துக்கொள்வோம். அதன் பரப்பு 550 சதுர அடி. பெருந்தோட்டங்களில் இந்திய உதவியுடன் கட்டப்பட்ட வீடுகளின் அளவும் ஏறத்தாழ இதுவே. வெளிச்சுவரின் சுற்று 94 அடி. உயரம் 9 அடி என்க. சுவரின் முகப்பரப்பு 846 சதுர அடியாகிறது. கணக்கு இலகுவாக இருக்கும்பொருட்டுக் கதவு யன்னல்களைக் கழிக்காது விடுவோம். கூரை மரம் எல்லா முறைகளுக்கும் பொதுவாதலால் அதனையும் சேர்க்கவில்லை.

முதலாவது, அடுக்குமர வீடு. கட்டையின் பருமன் 6 அங்குலம், அதாவது அரை அடி. 846 ஐ அரையாற் பெருக்கினால் 423 கன அடி மரம் தேவை.

இரண்டாவது, மரச்சட்டத்தில் பலகை அடித்த வீடு. 4 அங்குலச் சதுரத் தூண்கள் 4 அடிக்கு ஒன்றாக 24. இவற்றுக்கு 24 கன அடி. அடியிலும் தலையிலும் ஓடும் உத்தரங்களுக்கு ஏறத்தாழ 21 கன அடி. ஓர் அங்குலப் பலகைச் சுவருக்கு ஏறத்தாழ 71 கன அடி. ஆக மொத்தம் 116 கன அடி.

மூன்றாவது, அதே மரச்சட்டத்தின் இடைவெளிகளைப் பலகைக்குப் பதிலாக மண்ணாலோ செங்கல்லாலோ நிரப்பிய வீடு. தூணும் உத்தரமும் மட்டும் 45 கன அடி.

இனி, இதனை மரங்களின் எண்ணிக்கைக்கு மாற்றுவோம். மரத்தின் சுற்றளவை அடியில் அளந்து நான்கால் வகுத்து, வந்த ஈவை அதே எண்ணாற் பெருக்கி, மீண்டும் நீளத்தாற் பெருக்குவது மர வியாபாரத்தில் நெடுங்கால வழக்கம். 5 அடிச் சுற்றளவும் 12 அடி நீளமும் உள்ள பலாவின் அடிமரம் ஒன்றில் இவ்வாறு 18¾ கன அடி உண்டு. வாளில் அறுக்கும்போது தூளாகவும் சிராயாகவும் வெடித்த துண்டாகவும் கழிவது போக, அதில் பாதியளவே நல்ல மரமாகத் தேறும் என்று வைத்துக்கொள்வது பாதுகாப்பானது. எனவே பலகை வீட்டுக்குப் பன்னிரண்டு, பதின்மூன்று மரங்களும், மண்ணோ செங்கல்லோ நிரப்பிய சட்ட வீட்டுக்கு ஐந்து மரங்களும் வேண்டும். அடுக்குமர வீட்டுக்கோ, கழிவு ஒன்றுமே இல்லையென்று கொண்டாலும் இருபத்துமூன்று மரங்கள் வேண்டும்! ஒரே அளவான வீட்டுக்கு ஐந்து மரம் ஒரு புறம். இருபத்துமூன்று மரம் மறுபுறம். எந்த முறையில் கட்டுவது என்ற தீர்மானமே செலவின் பெரும்பகுதியைத் தீர்மானித்துவிடுகிறது என்பது இதனால் விளங்கும்.

“மரம் என் தோட்டத்தில் நிற்கிறதே, அதற்கென்ன செலவு?” என்று சிலர் கேட்கலாம். நிற்கும் மரமும் ஒரு சொத்தே. பலாவை அரிசி தரும் மரம் என்று போற்றுவது இந்நாட்டு வழக்கம். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் நாடெங்கும் பலா நடும் இயக்கத்தை நடத்திய ஆர்தர் வீ. டயஸ் அவர்களை மக்கள் ‘கொஸ் மாமா’, அதாவது பலா மாமா, என்றே அன்புடன் அழைத்தனர். காய்க்கும் பலாவை வெட்டுகிறவர் ஆண்டுதோறும் கிடைக்கும் உணவையும் வெட்டுகிறார். அந்த இழப்பும் கணக்கிற் சேரவேண்டும். அன்றியும், 1951 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்க மரம் வெட்டுதல் கட்டுப்பாட்டுச் சட்டத்தின்படி பலா, ஈரப்பலா, பெண் பனை ஆகியவற்றை அனுமதியின்றி வெட்டலாகாது. சொந்த நிலத்தில் நிற்பதாயினும் இது பொருந்தும். வெட்டிய மரத்தை வீதியிற் கொண்டுசெல்வதற்கும் பல இனங்களுக்கு அனுமதிப்பத்திரம் வேண்டும். கிராம உத்தியோகத்தரிடமும் பிரதேச செயலகத்திலும் முன்னரே விசாரித்துக்கொள்ளுதல் நன்று. லொறியை வாடகைக்குப் பிடித்த பின்னர் பத்திரத்துக்காகக் காத்திருப்பது பணத்தை வீணே செலவிடுவதாகும்.

மர வீட்டின் செலவில் பலர் காணாது விடும் பொருள் ஒன்றுண்டு. அதுதான் காலம். பச்சை மரத்தில் நீர் நிறைந்திருக்கிறது. நீர் வற்றும்போது மரம் நீளவாட்டில் அதிகம் சுருங்குவதில்லை, குறுக்குவாட்டிலேயே சுருங்குகிறது. கட்டைகளைப் படுக்கையாக அடுக்கிய சுவரில் அச்சுருக்கம் முழுவதும் உயரத்தைக் குறைக்கிறது. நூற்றுக்கு 3 வீதம் சுருங்கினாலும் 9 அடிச் சுவர் 3 அங்குலத்துக்கு மேல் தாழும். அதனாலேதான் மேனாட்டுத் தச்சர்கள் கதவு, யன்னல் ஆகியவற்றின் தலைக்கு மேல் இடைவெளி விட்டு அமைக்கிறார்கள். அவ்வாறு விடாத இடத்தில் கதவு திறக்க மறுக்கும், கண்ணாடி வெடிக்கும். சட்ட வீட்டில் தூண்கள் நெடிதாக நிற்பதால் இத்தொல்லை குறைவு. எனினும் பலகைகளுக்கிடையே பிளவு தோன்றாதிருக்க, மரத்தை அறுத்து, இடையிடையே சட்டம் வைத்து அடுக்கி, மேலே தகரம் போட்டு, வெயில் நேரே படாது காற்று மட்டும் படும்படி உலரவிடவேண்டும். ஓர் அங்குலப் பலகை சில மாதங்களில் உலரும். பருத்த தூண்களுக்கு ஓர் ஆண்டும் அதற்கு மேலும் ஆகலாம்.

எங்கள் பகுதியில் பெருமழை ஒக்டோபர் மாதம் தொடங்கி ஆண்டிறுதி கடந்தும் பெய்கிறது. ஆகவே பெப்ரவரியில் மரம் வெட்டுவோர் அதே ஆண்டில் வீடு கட்ட முயலாது, மறு ஆண்டு பெப்ரவரியில் அத்திவாரம் வெட்டி, செப்ரெம்பர் முடிவதற்குள் கூரையை ஏற்றிவிடுவது உகந்த ஒழுங்காகும். இடையிலுள்ள ஓராண்டு வீணான காலமன்று. கடனின்றிப் பணம் சேர்ப்பதற்குக் கிடைத்த காலம் அது.

அடுத்து, அத்திவாரம். மரத்தை மண்ணில் நாட்டுதல் கூடாது. நோர்வேயிலுள்ள பழைய மரத் தேவாலயங்களுள் தூண்களை மண்ணிற் புதைத்தவை இற்றுப்போயின. கல்லின்மேல் உத்தரம் வைத்து எழுப்பியவற்றுட் சில எண்ணூறு ஆண்டுகளாக நிற்கின்றன. நம் நாட்டிலும் இந்த அறிவு பழமையானதே. குருநாகல் மாவட்டத்தின் பனாவிட்டிய அம்பலம் கற்களின்மேற் கிடத்திய பருத்த மரங்களின் மீது நிற்கிறது. கற்றூண்களின்மேல் மேடையிட்டு எழுப்பிய தம்பிட்ட விகாரைகளும் அவ்வாறானவையே. மண்ணுக்கும் மரத்துக்கும் இடையே ஒன்றரை அடி உயரமாவது கல்லோ கொங்கிறீற்றோ இருத்தல் வேண்டும். கறையான் ஏறினாலும் அதன் மண் குழாய் வெளியே தெரியும், தெரிந்தால் அழிக்கலாம். இவ்வுயரத்துக்கான கல்லும் சீமெந்தும் மர வீட்டிலும் தவிர்க்க முடியாத செலவு. “மர வீட்டுக்குச் சீமெந்து வேண்டாம்” என்று யாரேனும் சொன்னால் நம்பவேண்டா.

மரத்துக்கு மருந்தூட்டுதலும் ஒரு செலவே. வெண்காரமும் போரிக் அமிலமும் கலந்த நீரில் பச்சைப் பலகைகளை ஊறவைத்தால் பூச்சி அரிப்பது குறையும். ஆயினும் மழைநீர் பட்டால் அம்மருந்து கரைந்துபோகும். எனவே அது வீட்டின் உட்புறத்துக்கும் நன்கு தாழ்ந்த கூரையிறக்கத்தின் கீழுள்ள மரத்துக்குமே ஏற்றது. மலிவாகக் கிடைக்கிறதென்று இறப்பர் மரத்தை வாங்குவோர், மருந்தூட்டாத இறப்பர் மரம் வெட்டிய சில நாட்களிலேயே பூஞ்சணத்துக்கும் வண்டுக்கும் இரையாகத் தொடங்கும் என்பதை மறத்தலாகாது. விறகடுப்பு உள்ள சமையலறைக்குச் செங்கற் சுவரே தகுதி. மின்கம்பிகளையும் குழாய்க்குள் இட்டே மரச்சுவரிற் கொண்டுசெல்லல் வேண்டும்.

இவற்றையெல்லாம் ஓர் அப்பியாசக் கொப்பியில் தலைப்புத் தலைப்பாக எழுதுங்கள். நிலமும் பத்திரங்களும், அத்திவாரம், மரம், கூரை, சுவர், கதவு யன்னல், மலசலகூடமும் நீரும் மின்சாரமும் என ஏழு தலைப்புக்கள் போதும். மரம் என்னும் ஒரு தலைப்பின் கீழ் மட்டுமே வெட்டுகூலி, இழுவைகூலி, அரிவுகூலி, ஏற்றுகூலி, உலரவைக்கும் கொட்டகை, மருந்து, தச்சுக்கூலி என ஏழு செலவுகள் வரும் என்பதைக் கண்டு வியப்பீர்கள். ஒவ்வொன்றுக்கும் இருவரிடமாவது விலை கேட்டு, நாளையும் குறித்துக்கொள்ளுங்கள். ஏனெனில் விலை நிற்பதில்லை. 2022 ஆம் ஆண்டில் நாட்டில் நேர்ந்த பொருளாதார நெருக்கடியின்போது ரூபாவின் பெறுமதி சில வாரங்களுக்குள் வீழ்ந்ததையும், ஓராண்டுக்குள் சீமெந்து மூட்டையின் விலை இரண்டு மடங்குக்கும் மேலாக ஏறியதையும் நாம் கண்டோம். முந்தைய ஆண்டின் விலையில் திட்டமிட்டுத் தொடங்கிய எத்தனையோ வீடுகள் சுவர் மட்டத்தில் நின்றுவிட்டன. அரசாங்கங்களின் கணக்கும் இதற்கு விலக்கன்று. மலையகத்துக்கு இந்தியா 2017 இல் அறிவித்த 10,000 வீடுகளுக்கு ஒரு வீட்டின் செலவு முன்னர் ஏறத்தாழ 10 இலட்சம் ரூபாவாகக் கொள்ளப்பட்டிருந்தது. 2024 இல் வேலை தொடங்கியபோது அது 28 இலட்சமாக உயர்த்தப்பட்டிருந்தது. அரசாங்கம் தொகையை உயர்த்தலாம். கூலிக்கு உழைக்கும் தந்தை எதனை உயர்த்துவார்?

ஆகவே கையில் 100 ரூபா உள்ளவர் 85 ரூபாவுக்கே வீட்டைத் திட்டமிடுதல் வேண்டும். மீதி 15 விலையேற்றத்துக்கும் எதிர்பாராத தடைகளுக்கும் உரியது. இரண்டாவது விதி, கூரைக்குரிய பணத்தைத் தனியே எடுத்து வைத்த பின்னரே அத்திவாரம் வெட்டுதல். செங்கற் சுவர் கூரையின்றி ஒரு மாரியைத் தாங்கக்கூடும். மண் சுவரும் உலர்ந்த மரமும் தாங்கா. ஓராண்டு பாடுபட்டு உலர்த்திய மரம் ஒரு மழைக்காலத்தில் மீண்டும் நனைந்து கறுத்துப்போகும்.

கடன் வாங்குவோர் இன்னொரு கணக்கும் போடல் வேண்டும். 5 இலட்சம் ரூபாக் கடனுக்கு ஆண்டுக்கு நூற்றுக்கு 18 வட்டியென்று வைத்துக்கொள்வோம். மாதம் 7,500 ரூபா வட்டிக்கே போய்விடும். வீடு முடிவடையாது ஓராண்டு நின்றால் 90,000 ரூபாவைக் கொடுத்தும், குடியிருக்க ஓர் அறைகூட இராது. அந்தப் பணம் எங்கிருந்து வரும்? முதலில் நகை அடகுக்குப் போகும். பிறகு சாப்பாட்டுத் தட்டிற் குறையும். அதற்கும் பிறகு மூத்த பிள்ளையின் படிப்பு நிற்கும். பாடசாலையொன்றை நடத்தும் பொறுப்பில் உள்ளவன் என்ற முறையில் இதனைச் சொல்கிறேன். உயர்தர வகுப்புக்கு வரவேண்டிய பிள்ளை கடைக்கு வேலைக்குப் போனதன் காரணத்தை விசாரித்தால், பாதியில் நிற்கும் ஒரு வீடு அதன் பின்னால் இருப்பதுண்டு. பிள்ளைகளுக்காகவே வீடு கட்டுகிறோம். பிள்ளைகளின் கல்வியைச் செங்கல்லாக வைத்து அதனைக் கட்டலாகாது.

இத்தனைக்கும் முன்னே கேட்கவேண்டிய கேள்வியை இறுதியாகக் கூறுகிறேன். நெஞ்சில் நிற்கவேண்டும் என்பதற்காகவே இவ்விடத்தில் வைத்தேன். அந்த நிலம் வீட்டைத் தாங்குமா? 2025 நவம்பர் இறுதியில் வீசிய டித்வா புயலின்போது மாத்தளை உள்ளிட்ட மலைநாட்டு மாவட்டங்களில் மலைச்சரிவுகள் பெயர்ந்து விழுந்தன. நாடெங்கும் அறுநூறுக்கு மேற்பட்ட உயிர்கள் அந்தப் புயலில் மாண்டன. நன்றாகக் கட்டிய வீடும் நகரும் மண்ணின்மேல் நில்லாது. மண்சரிவு அபாயமுள்ள மாவட்டங்களில் கட்டடத்துக்கான இடத்தைத் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் பரிசோதித்துச் சிபாரிசு வழங்குகிறது. அதனையும் பிரதேச சபையின் அனுமதியையும் பெறுமுன் ஒரு சதமும் செலவிடவேண்டா. சரிவைச் செங்குத்தாக வெட்டி நிலத்தைச் சமப்படுத்துவதை விட, சரிவுக்கேற்ப உயர்ந்த கற்றூண்களின்மேல் சட்ட வீட்டை எழுப்புவது மண்ணைக் குறைவாகக் குலைக்கும். மரச்சட்ட வீட்டின் பாரமும் கொங்கிறீற்று வீட்டின் பாரத்திலும் குறைவு. மலைநாட்டில் மரத்துக்குள்ள உண்மையான சிறப்பு இதுவே. மலிவு என்பதற்காக அன்றி, இச்சிறப்புக்காக அதனைத் தேர்ந்தெடுப்பது அறிவுடைமை.

தோட்டக் குடும்பங்களுக்கு வழங்கப்படும் 7 பேர்ச்சஸ் நிலம் ஏறத்தாழ 1,900 சதுர அடியாகும். அதில் 550 சதுர அடி வீடும், பின்னர் ஓர் அறை சேர்க்க இடமும், சிறு தோட்டமும் அமையும். முதலில் ஓர் அறையும் சமையலறையும் மலசலகூடமும் கட்டி, முழுமையாகக் கூரையிட்டுக் குடிபுகுங்கள். சட்ட வீட்டின் இன்னொரு நலம், ஒரு பக்கத்துச் சுவரை இடிக்காமலே தூண்களை நீட்டி வீட்டை வளர்க்கலாம் என்பது. ஆண்டுக்கு இருமுறை அடித்தூண்களைச் சுற்றிப் பார்த்துக் கறையானைத் துடைப்பதும், சில ஆண்டுகளுக்கு ஒருமுறை வெளிமரத்துக்கு எண்ணெயோ வர்ணமோ பூசுவதும் அந்த வீட்டின் நிரந்தரச் செலவு. மாதாந்தம் சிறு தொகையை அதற்கென ஒதுக்குதல் வேண்டும்.

வீட்டுக்காக ஐந்து பலாக்களை வெட்டுவோர் அதே மாரிகாலத்தில் பத்துப் பலாக்கன்றுகளை நடுவார்களாக. பேரப்பிள்ளைகள் வீட்டைப் பெருப்பிக்க விரும்பும் காலத்தில் அவர்களுக்கும் மரம் வேண்டும் அன்றோ!